அம்மா பசாருக்குப் போயிருக்கிறார்

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் அம்மாவின் படம் தொங்குகிறது. அதற்குப் போட்டிருந்த மாலையைச் சென்ற ஆண்டு கழற்றிவிட்டேன். அக்காவுக்கு இன்னும் என்மேல் கோபம்.

அப்பாவுக்கு வயது 84. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மண்டோர் பெயர், நிரை எண் எல்லாம் நினைவிருக்கிறது. அம்மா இறந்தது மட்டும் மனத்தில் தங்குவதில்லை. மாலையைப் பார்க்கும்போதெல்லாம் “எப்பப் போனா? ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று புதிதாக அழுவார். ஒரே நாளில் மூன்று முறைகூட நடந்திருக்கிறது.

இப்போது “உங்கம்மா எங்கய்யா?” என்பார்.

“பசாருக்குப் போயிருக்காங்கப்பா.”

“குடை எடுத்துக்கிட்டாளா?”

இந்தப் பொய்யை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புகைப்பட நூல். நியூயார்க்கில் வாழும் புகைப்படக் கலைஞர் பிலிப் டொலேடானோவின் தாயார் 2006-ஆம் ஆண்டு திடீரென இறந்தார். தந்தைக்கோ அண்மை நினைவுகள் நிற்காது. மனைவி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மையைக் கேட்ட ஒவ்வொரு முறையும் உடைந்துபோனார். கடைசியில் மகன், உடல்நலமில்லாத சகோதரரைப் பார்த்துக்கொள்ள அவர் பாரிசுக்குப் போயிருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். அந்த நாள்களின் படங்கள்தான் 2010-இல் ‘டேஸ் வித் மை ஃபாதர்’ என்ற நூலாக வந்தன. அழவைக்கும் என்று பயந்துகொண்டே திறந்தேன். பிஸ்கட்டுகளை மார்பில் வைத்துக்கொண்டு கோமாளித்தனம் செய்யும் கிழவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நானும் அப்பாவைப் படமெடுக்க ஆரம்பித்தேன்.

கண்ணாடியைப் பார்த்து அப்பா “யாரு இந்தத் தாத்தா?” என்று கேட்கிறார். ஆனால், திருமணப் படத்தைக் காட்டினால் மாப்பிள்ளைமேல் விரலை வைத்து, “நான்தான்” என்கிறார். இந்த நோயில் பழைய நினைவுகள் கடைசியாகத்தான் கரையும் என்பார்கள். அப்பா தம்மை இன்னும் அந்த மாப்பிள்ளையாகத்தான் நினைக்கிறார்.

படமெடுக்கட்டுமா என்று கேட்டால் “எடு” என்பார். ஐந்து நிமிடத்தில் அதையும் மறந்துவிடுவார். அது சம்மதம் ஆகுமா? எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அதனால் அவர் அழும்போதும் குளிக்கும்போதும் கைப்பேசியைத் தொடுவதில்லை.

போன மாதம் அம்மாவின் திதிக்கு அக்கா மல்லிகை மாலையோடு வந்தார். வாசலிலேயே அப்பா அதை வாங்கிக்கொண்டு “யாருக்கும்மா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, “சாமிக்குப்பா” என்றார்.

மாலையை முகத்தருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார் அப்பா. அதைப் படமெடுத்தேன்.