மழைக்குத் தேதி உண்டு, சாக்குக்கு இல்லையா?

கொள்முதல் நிலைய வாசலிலே நெல் குவியல். குவியலின் மேலே கிழிந்த தார்ப்பாய். தார்ப்பாயின் மேலே மழை. பக்கத்திலே, நாள் கணக்கில் வீடு திரும்பாமல் காவல் காக்கும் உழவன். அவன் அறுத்துக் கொண்டுவந்தது நெல். அவன் கண்ணெதிரே வளர்வதோ முளை!

தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் இந்தக் காட்சியை எத்தனையோ ஐப்பசிகளில் பார்த்துவிட்டோம். "எதிர்பாராத மழை" என்ற சமாதானத்தையும் கேட்டுவிட்டோம்.

எதிர்பாராத மழையா? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டூர் மதகு ஜூன் 12-ல் திறந்தால், குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும் என்பதை அறியாத அதிகாரி இல்லை. அறுவடையும் மழையும் ஒரே வாசலில் சந்திக்கப்போகும் நாள் நாலு மாதம் முன்பே தெரிகிறது. நாள் குறித்து வருவதற்குப் பெயர் விபத்தல்ல. அதைக் கண்டும் கைகட்டி நிற்பதற்குப் பெயர் அசட்டை!

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை வாங்கக் கூடாது என்பது விதி. மழை பெய்கிறது, ஈரம் ஏறுகிறது. அதன் பிறகு டெல்லிக்குக் கடிதம்; பிறகு மத்தியக் குழு; மாதிரி எடுப்பு; ஆய்வு; கடைசியில் தளர்வு. 2023 பிப்ரவரி மழையிலும் சம்பா நெல்லுக்கு இதுவே நடந்தது. குழு வரும்வரை உழவன் காத்திருப்பான், நெல் காத்திருக்குமா?

முன்யோசனை முடியாத காரியமா? 2022-ல் மேட்டூர் மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. அறுவடை முந்தும் என்று கணக்கிட்டு, அக்டோபர் முதல் தேதி தொடங்கவேண்டிய கொள்முதல் பருவத்தைச் செப்டம்பர் முதல் தேதிக்கே கொண்டுவந்தார்கள். முன்கூட்டிக் கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. ஓர் ஆண்டு முடிந்தது ஒவ்வோர் ஆண்டும் ஏன் முடியாது?

"உலர்த்தும் இயந்திரம் வாங்கினால் பத்து மாதம் சும்மா கிடக்குமே" என்பார் உண்டு. தீயணைப்பு வண்டியும் பெரும்பாலான நாள் சும்மாதான் நிற்கிறது. அதை விற்றுவிடலாமா? இயந்திரத்தின் விலையைக் கணக்கில் எழுதுகிறவர்கள், முளைத்துப்போன மூட்டைகளின் விலையையும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். பிறகு கூட்டிப் பார்ப்போம்.

நம் பாட்டன் படிக்காதவன். ஆனாலும் வீட்டிலே பத்தாயம் வைத்தான், குதிர் வைத்தான், பசித்தாலும் தொடாத விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தான். கெட்ட ஆண்டு வரும் என்பதை நல்ல ஆண்டிலே நினைத்தான். அவனுக்கு இருந்த புத்தி, கிடங்கும் கணக்கரும் தந்தியை மிஞ்சிய கருவிகளும் உள்ள நிர்வாகத்துக்கு வேண்டாமா?

நாம் கேட்பது அதிகமில்லை. நடவுப் பரப்பைப் பார்த்து, ஆடி முடிவதற்குள் சாக்கும் தார்ப்பாயும் லாரியும் ஒதுக்குங்கள். ஈரப்பதத் தளர்வை மழைக்குப் பின் கெஞ்சிப் பெறாமல், இத்தனை மழை பெய்தால் இத்தனை தளர்வு என்று ஆவணியிலேயே விதியாக்குங்கள்.

இன்னொன்று. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு உழவன் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கெடுவுக்கு முன் தவறாமல் கட்டுங்கள் என்று உழவர்களுக்கும் சொல்லுகிறோம். ஆனால், வாய்மொழிக் குத்தகைக்காரன் அடங்கலுக்கு எங்கே போவான்? நட்டது அவன், நட்டம் அவனுக்கு, சான்றோ நிலத்துக்காரர் பெயரில்! அவனையும் பதிவேட்டில் ஏற்றாத காப்பீடு அரைக் காப்பீடே.

மேட்டூர் மதகு திறக்கும்போது மலர் தூவுகிறோம், மகிழ்ச்சி. தண்ணீர் புறப்படும் அந்த நாளிலேயே சாக்குக் கணக்கும் புறப்படட்டும். காவிரி கடைமடைக்கு வந்து சேருவதற்குள் அதுவும் வந்து சேரட்டும்!