விருத்தர்களும் வெந்நீரும்

நெருப்பைக் கண்டு அஞ்சுகிற நாம் வெந்நீரைக் கண்டு அஞ்சுவதில்லை. சுட்டால் காலை இழுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் நமக்கு இருக்கிறது. ஆனால் பக்கவாதத்தினால் அசைவிழந்தவர், நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர், சுடுகிறது என்று சொல்லும் நினைவும் தவறிய முதியவர், கைக்குழந்தை ஆகியோருக்கு அந்தத் தைரியம் ஏது? அவர்களுக்கு வெந்நீர் நெருப்புக்குச் சமானமே.

எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வெந்துபோகும் என்பதை அமெரிக்காவில் மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1947-ல் வெளியிட்டார்கள். 44 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சுமார் 6 மணி நேரமாகும். 49 டிகிரியில் 10 நிமிஷத்துக்குள் தோல் வெந்துவிடும். 55 டிகிரியில் அரை நிமிஷம். 60 டிகிரியிலோ 5 விநாடியே போதும்! முதியவர்களின் மெல்லிய தோல் இன்னும் விரைவில் வேகும்.

அப்படியானால் நீரைக் குறைந்த சூட்டிலேயே சேமித்து வைக்கலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய விடுதிகளில் அதுவும் அபாயம். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில், கொடிய நிமோனியாவை உண்டாக்கும் லீஜனெல்லா என்ற கிருமி பெருகும். ஆகையால் பிரிட்டனிலுள்ள முதியோர் விடுதிகளில் நீரை 60 டிகிரியில் சேமித்து, குளிக்கும் தொட்டிக்கு 44 டிகிரிக்கு மேற்படாமல் கலந்து தரும் வால்வைப் பொருத்துகிறார்கள். குளிர்ந்த நீர் திடீரென்று நின்றால் அவ்வால்வு வெந்நீரையும் அடைத்துவிடும். அதை மட்டும் நம்பிவிடாமல், பணியாளர் உஷ்ணமானியை வைத்துப் பார்த்த பிறகே முதியவரைத் தொட்டியில் இறக்க வேண்டும் என்பது அங்குள்ள முறை.

இத்தகைய வால்வு இல்லாத வீடுகளில், விளாவுகிறவரின் ஜாக்கிரதையே வால்வு. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். நன்றாகக் கலக்கி, முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும்; அடுப்பங்கரையில் காய்ப்பேறிய உள்ளங்கை சூட்டைக் குறைத்தே சொல்லும். முதியவர் உட்கார்ந்த பிறகு வெந்நீர்க் குழாயைத் திறக்கலாகாது. அவரைத் தனியே விட்டு அகலவும் கூடாது.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், நகையையும் ஒட்டாத துணியையும் உடனே அகற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். மை, மாவு, பற்பசை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். பிறகு தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

குளிப்பவர் வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது காவல் ஆகாது. அவர் சொல்வதற்குள் அந்த 5 விநாடி கழிந்துவிடும்.