பெரியாற்றங்கரையில் ஒரு பட்சி சாஸ்திரியின் பாதை

ஆனி மாதத்துக் கோவில்பட்டிக் கரிசலில் நின்று மேற்கே பார்க்கிறவனுக்கு, மலைத்தொடர் நீலக்கோடாய்த் தெரிகிற தெளிந்த நாளிலே, அதன் முகடுகளில் மேகங்கள் திரண்டு தங்கியிருப்பதும் தெரியும். அந்த மேகங்கள் தம் நீரையெல்லாம் மேல்சரிவிலேயே பொழிந்துவிட்டு, நமக்கு உலர்ந்த காற்றை மாத்திரம் அனுப்பிவைக்க, பாளம் பாளமாய் வெடித்த கருமண் ஐப்பசி மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். நம்மைத் தாண்டிப் போன அந்த மழை எங்கே போயிற்று என்று பார்த்துவரும் ஆசையினாலேதான், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, கோதமங்கலத்துக்கு அருகிலுள்ள தட்டேக்காட்டுக்கு நான் முதன்முதலில் யாத்திரை போனேன்.

மழை போன இடம் பெரியாறு. 1895-இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை அதன் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பி வைகைக்கு அனுப்புகிறது. எஞ்சியது பெருகி மேற்கே ஓடுகிறது. அதன் வடகரையில், இடமலையாறு வந்து கலக்கும் பிரதேசத்தில், 25 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய கானகம் ஒன்று இருக்கிறது. சலீம் அலி பறவைகள் சரணாலயம் என்பது அதன் பெயர். ஆற்றையும் நீர்நிலைகளையும் ஒட்டியும், மரநிழலில் வளைந்தும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில், விடியற்காலையிலே வழிகாட்டி ஒருவரைத் துணைகொண்டு நடப்பதுதான் அங்கே முக்கியமான பொழுதுபோக்கு. பேசாமல் நடக்க வேண்டும். அடிக்கடி நிற்கவும் வேண்டும். தவளைவாயன் என்னும் பட்சி, பகலெல்லாம் காய்ந்த சருகைப் போலக் கிளையில் அசையாது அமர்ந்திருக்கும்; விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அது என் கண்ணுக்குப் புலப்படச் சற்று நேரமாயிற்று. வெட்டவெளியில் தொலைதூரம் பார்த்துப் பழகிய கரிசல்காட்டுக் கண்ணுக்கு, அருகிலிருப்பதைப் பார்க்கக் கற்பது புதிய அப்பியாசம்.

அந்தப் பெயருக்குரியவர் 1896-இல் பம்பாயில் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர். விளையாட்டுத் துப்பாக்கியால் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்று ஒன்று இருக்கக் கண்ட சிறுவன், அது என்ன குருவி என்று அறிய விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். அதன் காரியதரிசி மில்லார்டு துரை சிறுவனைத் துரத்திவிடாமல், இழுப்பறைகளைத் திறந்து, பதம் செய்து அடுக்கியிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கொன்ற கையே பின்னாளில் காக்கும் கையாயிற்றென்றால், அந்த ஒரு பிற்பகலின் பொறுமை அதற்கு ஆதிகாரணம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பிற்காலத்தில் ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பட்சி சாஸ்திரம் பயின்று திரும்பியவருக்கு, இங்கே உத்தியோகம் இல்லாமற் போயிற்று. அப்போது அவர் செய்த காரியம் அபூர்வமானது. முகாம் செலவை மட்டும் சமஸ்தானங்கள் ஏற்றுக்கொண்டால், ஊதியமின்றியே அவற்றின் பறவைகளை ஆராய்ந்து தருவதாகச் சொன்னார். அவ்விதமே 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களின் காடுகளில், தம் மனைவி தெஹ்மினாவுடன் கூடாரமடித்துத் தங்கி நடந்தபோது தட்டேக்காட்டைக் கண்டார். தீபகற்ப இந்தியாவிலே பறவைச் செல்வம் மிகுந்த இடம் என அதனைப் பாராட்டினார். அந்தக் காடு சரணாலயமானது 1983-இல். இடையிலே ஐம்பது வருஷம் கழிந்துவிட்டது. ஆயினும் அதைக் காண அவர் ஜீவித்திருந்தார், 1987-இல்தான் காலமானார். கால்நடையாகவே தம் சாஸ்திரத்தைச் சம்பாதித்த மனிதருக்குச் சிலையினும் நடைபாதையே பொருத்தமான ஞாபகச் சின்னம்.

ஊர் திரும்பியபின் வைப்பாற்றை நான் வேறு கண்ணோடு பார்க்கலானேன். சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தொட்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகும் இந்த ஆற்றில், வருஷத்தில் பெரும்பகுதி மணலே ஓடுகிறது, கரையெல்லாம் வேலிக்கருவை. இங்கே என்ன பட்சி இருக்கப்போகிறது என்றுதான் நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். ஆனால் மழை பெய்து, உளுந்தும் பாசியும் பருத்தியும் பசுமை காட்டுகிற பனிக்காலத்தில், மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் நம் மானாவாரிக் காடுகளைத் தேடி வருகின்றன. நீண்ட சிறகை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, பயிர்த்தலைக்கு மேலே தாழப் பறந்து, வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும் அவை, சம்சாரியிடம் கூலி கேளாமல் அவன் வேலையைச் செய்கின்றன. மரத்தில் அடைவது அவற்றின் வழக்கமன்று. தரிசாய்க் கிடக்கும் புல்வெளியில், தரைமீதே கூட்டமாய்த் தங்கி இரவைக் கழிப்பவை. ஆகவே, யாருக்கும் உபயோகமற்றதென்று நாம் கருதும் தரிசு ஒன்று உழப்படும்போதும், வேலிக்கருவையால் மூடப்படும்போதும், கட்டடமாகும்போதும், அவற்றின் படுக்கை போய்விடுகிறது.

தை மாதத்து மாலையொன்றில், பொழுது அடங்குகிற வேளையிலே, புஞ்சை வரப்போரமாக நானும் வயதான சம்சாரி ஒருவரும் நின்றிருந்தோம். பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து தரிசின் மேலே வட்டமிட்டு, புல்லுக்குள் இறங்கி மறைந்தன. "இது வருசா வருசம் வரும் தம்பி, நம்ம காட்டுக்கு ஒறவுமுறையா வர்ற மாதிரி" என்றார் அவர். கடைசிப் பறவையும் இறங்கும்வரை நாங்கள் இருவரும் அந்த வரப்பைவிட்டு நகரவில்லை.