காட்டுப்பள்ளியைத் தனியாக வாங்க முடியாது

"சார், காட்டுப்பள்ளித் துறைமுகம் பெருசாகப் போகுதாமே, அந்த ஷேரை இப்பவே வாங்கிப் போட்டுடலாமா?" பாலவாக்கம் கடற்கரையில் நடந்துவிட்டு டீக்கடைக்கு வரும் ஓய்வுபெற்ற நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. உட்காருங்கள், டீ வருவதற்குள் தொடங்கிவிடலாம்.

காட்டுப்பள்ளி என்ற பெயரில் சந்தையில் பங்கே கிடையாது. எல் அண்ட் டி கட்டிய அந்தத் துறைமுகத்தை 2018இல் அதானி போர்ட்ஸ் வாங்கியது. அதை நடத்தும் துணை நிறுவனம் பட்டியலிடப்படவில்லை. பக்கத்திலிருக்கும் காமராஜர் துறைமுகமும் கிடைக்காது. 2020இல் மத்திய அரசின் பங்கைச் சென்னைத் துறைமுகம் வாங்கிக்கொண்டதால் அது முழுக்க அவர்கள் கையில். ஆக, உங்கள் பணம் போவது அதானி போர்ட்ஸுக்கு. முந்த்ராவிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா வரை அத்தனையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். 2024–25இல் அந்த நிறுவனம் கையாண்ட சரக்கு சுமார் 45 கோடி டன். காட்டுப்பள்ளியின் கொள்ளளவு ஆண்டுக்கு 2.465 கோடி டன். அது முழுக்க நிரம்பினாலும் மொத்தத்தில் ஆறு சதவீதத்தைத் தொடாது. 2023 ஜனவரியில் அதானி குழுமத்தைப் பற்றிய ஹிண்டன்பர்க் அறிக்கை வந்ததும் அந்த ஷேர் சில நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்ததே, அதற்கும் காட்டுப்பள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, விரிவாக்கத்துக்கு வருவோம். திட்டம் பெரியது: 53,000 கோடி ரூபாய், ஆண்டுக்கு 32 கோடி டன், 330 ஏக்கர் 6,110 ஏக்கராக வேண்டும். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டியது. 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5இல் வைத்ததும் தள்ளிப்போனது. துறைமுகத்துக்கு அருகிலிருக்கும் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மெல்லிய மணல் திட்டு. அது அரிக்கப்பட்டால் ஏரியே போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். முதலீட்டு அறிக்கைகளில் இது 'சுற்றுச்சூழல் இடர்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரிக்குள் இருப்பது, நம் பாலவாக்கம் குப்பத்தில் விடியலில் வலை இழுப்பவர்களைப் போன்ற குடும்பங்கள். லாபக் கணக்கு போடும்போது அவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி நினைக்காதவருக்கும் இது பணக் கணக்குதான், ஏனென்றால் எதிர்ப்பு வந்தால் காலம் நீளும்.

எவ்வளவு நீளும்? கேரளாவில் அதே நிறுவனத்தின் விழிஞ்சம் துறைமுகத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் 2015இல். 2019 இறுதிக்குள் முடிக்க வேண்டிய முதல் கட்டம். ஓகி புயல், பாறைக்கல் தட்டுப்பாடு, 2022இல் மீனவர் போராட்டம். வணிகச் செயல்பாடு தொடங்கியது 2024 டிசம்பரில். நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கேரளா போகவே வேண்டாம். வாசலில் ஓடும் ஈ.சி.ஆர். ஆறுவழிச் சாலையாகப் போகிறது என்ற பேச்சை நம்பி அன்று மனை வாங்கியவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று இந்தத் தெருவிலேயே விசாரிக்கலாம்.

ஒரே ஒரு துறைமுகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2010இல் சந்தைக்கு வந்த குஜராத் பிபவாவ் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1998இல் குஜராத் கடல்சார் வாரியத்துடன் போட்ட 30 வருட உரிம ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. கடற்கரை நிலம் அரசுடையது. கம்பெனி கெடுவுக்கு எடுத்து நடத்துகிறது. கெடு நீளுமா, எந்த நிபந்தனையில் என்று தெரியாமல் விரிவாக்கச் செய்தியை மட்டும் படித்து வாங்கினால், வருமானம் எத்தனை வருடத்துக்கு என்பதே தெரியாமல் விலை கொடுத்ததாகும். எந்தத் துறைமுக நிறுவனமானாலும் ஆண்டறிக்கையில் முதலில் மூன்றைத் தேடுங்கள்: உரிமம் முடியும் வருடம், இருக்கும் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கடன் எவ்வளவு. பாதி காலியாகக் கிடக்கும் துறைமுகத்துக்கு விரிவாக்கம் எதற்கு என்று நீங்களே கேட்பீர்கள்.

அதானி போர்ட்ஸின் மொத்த வியாபாரமும் கணக்கும் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், அது வேறு. காட்டுப்பள்ளிக்காக மட்டும் என்றால் வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் கட்டி முடிக்கப் பல வருடம் ஆகும். அதுவரை ஓய்வூதியப் பணம் வைப்பு நிதியிலேயே இருக்கட்டும்.