பருவம் பார்த்துச் செய்த நகை

மல்லிகையைப் பொழுது விடியும்போதே பறிக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் மொட்டு வதங்கும். அன்று இரவு எது விரியுமோ அதைத்தான் கை தேடும். வெள்ளை முழுதாக ஏறியிருக்க வேண்டும், நடுவில் லேசாகப் பருத்திருக்க வேண்டும், இதழ்கள் பிடி விடாமல் இருக்க வேண்டும். முந்தின நாள் பறித்தால் பிஞ்சு. ஒரு நாள் தாமதித்தால் விலை போகாது. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் குவிந்து கிடப்பதெல்லாம் இந்த ஒரே நிலையில் உள்ள மொட்டுதான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பெருமையில் பாதி, பறிக்கும் கையின் கணிப்புக்குச் சேர வேண்டியது.

மல்லிகை மொட்டு மாலை என்ற நகையை முதலில் செய்த ஆசாரியும் அதே மொட்டைத்தான் எடுத்துக்கொண்டார். விரிந்த மல்லிகையை அவர் செய்யவில்லை. செய்திருந்தால் அது ஏதோ ஒரு பூ. பிச்சியா, நந்தியாவட்டையா என்று கேட்க வேண்டியிருக்கும். நுனி கூம்பி, நடுப் பருத்து, காம்புப் பக்கம் ஒடுங்கிய அந்த உருவத்தை வரிசையாகக் கோத்ததால், தூரத்திலிருந்து பார்க்கும்போதே மல்லிகை என்று தெரிகிறது. கேரளத்தில் இதன் உறவுக்காரியாக முல்லைமொட்டு மாலை இருக்கிறது. அங்கேயும் மொட்டுதான்.

பழைய நகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது இந்தக் கவனம். இயற்கை என்று பொதுவாக எதையும் அவர்கள் செய்யவில்லை. ஒரு செடி, அந்தச் செடியில் ஒரு பருவம், அந்தப் பருவத்தில் ஒரு பொழுது. கைவினை நகை செய்யும் இளம் பெண்கள் பலர் இன்று செல்போனில் வடிவம் தேடுகிறார்கள். ஒருவர் போட்ட இலையை இன்னொருவர் போடுகிறார். அது எந்த மரத்து இலை என்று இருவருக்கும் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சித்திரையும் வைகாசியும் மல்லிகை மலியும் காலம். பெண் குழந்தைகளுக்குப் பூத் தைத்து அழகு பார்க்கும் காலமும் அதுவே. பின்னலின் நீளத்துக்கு மொட்டுகளை அடுக்கி ஊசி நூலால் தைப்பார்கள்; தாழம்பூ கிடைத்தால் அதன் மடலை மடித்து நடுவில் வைப்பார்கள். பிறகு ஸ்டூடியோவில், ஜடை தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்து ஒரு படம். எத்தனை வீடுகளில் அந்தப் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது! மறுநாள் காலையில் வாடிப்போகும் அந்த அலங்காரத்தைப் பொன்னில் நிறுத்தியதுதான் ஜடைநாகம். உச்சியில் ராக்கொடி, அதன்கீழ் பிறை, பிறகு தாழம்பூ, அங்கிருந்து பின்னலோடு இறங்கும் நாகம், முடிவில் குஞ்சலம். தாழம்புதருக்குப் பக்கத்தில் போகாதே, பாம்பு இருக்கும் என்று கிராமத்தில் பெரியவர்கள் குழந்தைகளை அதட்டுவார்கள். நகையிலும் தாழம்பூவை அடுத்து நாகம் வருகிறது. புதரைப் பார்த்தவர் செய்த வரிசை அது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாங்காய் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தையிலும் மாசியிலும் மாமரம் பூக்கும், பங்குனியில் மாவடு, சித்திரையில் காய் திரண்டு கிளையை இழுக்கும். பழமாகும்போது உருவம் தளர்ந்துவிடும். நகையில் இருப்பது பழமல்ல, காய்: தோள் புடைத்து, நுனி ஒரு பக்கமாக வளைந்து நிற்கும் முற்றிய காய். கிளிமூக்கு மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். கெம்புக்கல்லின் சிவப்புக்கும் அதே மரத்தில் ஒரு துணை உண்டு. மாந்தளிர் துளிர்க்கும்போது பச்சையாகத் துளிர்ப்பதில்லை, செம்பு நிறத்தில் பளபளக்கும். பட்டுப்புடவைக் கடையில் மாந்தளிர் கலர் என்று கேட்டால் இன்றும் எடுத்துப் போடுகிறார்கள்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் கூடு அடித்து, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்பைப் பதித்து, மேலே தங்கத் தகடு ஒட்டும் வேலை அது. பரதநாட்டிய மேடையில் நாம் பார்க்கும் சிவப்பெல்லாம் இந்த மரபிலிருந்து வந்தது. உள்ளே மறைந்திருக்கும் அரக்குகூட மரத்திலிருந்து வருவதுதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது அது. சூடு பட்டால் இளகும். அதனால்தான் அரக்கு நிரப்பிய நகையை வெந்நீரில் போடாதே, வெயிலில் வைக்காதே என்கிறார்கள்.

நகை செய்பவர் பூவைப் பார்த்தார் என்றால், பூவைப் பார்த்த புலவர் நகையை நினைத்தார். சரக்கொன்றை பூத்த காட்டைப் பார்த்து, கூந்தலில் பொன்னணி சூடிய பெண்களைப் போல இருக்கிறது என்று குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாடுகிறார். கொன்றை மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது மிகைப்படுத்தல் அல்ல என்று தெரியும். சரத்தின் மேல்பகுதியில் விரிந்த பூ, நடுவில் பாதி விரிந்தது, நுனிக்குப் போகப் போக உருண்டை உருண்டையாக மொட்டு. பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அந்த வரிசையை அப்படியே எடுத்தால் ஒரு காதணி ஆகிவிடும். ஆனால் கடையில் விற்கும் தொங்கட்டான்களில் பெரும்பாலும் சிறியது மேலேயும் பெரியது கீழேயும் இருக்கிறது. தவறில்லை, கொன்றை வேறு மாதிரி யோசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடலுக்கும் பருவம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பைச் சலாபம் என்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்கும் முன் கடல் அடங்கி நீர் தெளிந்திருக்கும் மாசி, பங்குனி, சித்திரையில்தான் சிப்பி கிடக்கும் பார்களில் இறங்க முடியும். சுவாதியில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. சூரியன் சுவாதியில் நிற்பது ஐப்பசியில். இங்கே அடைமழை தொடங்குவதும் அப்போதுதான். சிப்பியின் சதைக்குள் புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றி அது படலம் படலமாகப் பூசுவதே முத்து என்று அறிவியல் சொல்கிறது. இருந்தாலும், மழைக்காலத்தையும் முத்தையும் இணைத்துப் பார்த்த அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜன் கொடுத்த நகைகளின் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கணக்கர் முத்தை இப்படிப் பார்த்திருக்கிறார். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கேயே சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

அதே கல்வெட்டில் பொன்னின் எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் வருகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் விதைகள். மழைக்காலம் முடிந்து காய் காய்ந்து வெடிக்கும்போது கொடியிலிருந்தும் மரத்திலிருந்தும் பொறுக்கியவை. குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று நாம் பேசுவது அங்கிருந்து வந்தது.

இதுவரை சொன்னதைத் திரும்பிப் பாருங்கள். மொட்டு, காய், பூ, தளிர், முத்து. உதிர்ந்த இலை எங்கே? காய்ந்த நெற்று எங்கே? அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண்ணில் வருபவை எல்லாம் பாலை, அதாவது சரிபாதி. வெடித்த நிலம், நீர் வற்றிய சுனை, இலையற்ற மரம் என்று நம் புலவர்கள் கோடையை அவ்வளவு பாடியிருக்கிறார்கள். நம் நகைப்பெட்டியில் மட்டும் பாலை இல்லை.

காரணம் புரியாமல் இல்லை. இங்கே தங்கம் மங்கலப் பொருள். தாலியோடும் சீரோடும் வருவது, அவசரத்துக்கு அடகு போவது, பேத்திக்காக அழித்துச் செய்வது. கல்யாணத்துக்குக் காய்ந்த நெற்றைக் கழுத்தில் போட எந்தத் தாய் சம்மதிப்பாள்? வேறு மண்ணில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. பாரிஸில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெனே லாலிக் என்ற நகைக்கலைஞர் பனி படர்ந்த குளிர்காலக் காட்டைப் பதக்கமாகச் செய்தார். மாட்டுக்கொம்பு, கண்ணாடி, எனாமல் என்று விலை மலிந்த பொருள்களை வைரத்துக்குப் பக்கத்தில் துணிந்து வைத்தார். அவர் செய்த தட்டான்பூச்சிப் பெண் அணி இன்று லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருளின் விலையிலிருந்து விடுபட்டதும் அவர் கண்ணில் எல்லாப் பருவமும் பட்டது.

அந்த விடுதலை இன்று இங்கே சுடுமண்ணிலும் வெள்ளியிலும் நூலிலும் நகை செய்பவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் செய்வதை யாரும் அடகு வைக்கப்போவதில்லை. வைகாசியில் காற்றடிக்கும்போது வாகை மரத்தில் நெற்றுகள் சலசலக்கும். தாள் மாதிரி மெல்லிசு, வெளிறிய மஞ்சள், உள்ளே விதை இருக்கும் இடம் மட்டும் புடைப்பு. மெல்லிய வெள்ளித் தகட்டில் அதைத் தட்டி எடுத்து இரண்டிரண்டாகக் காதில் தொங்கவிட்டால் அதுவும் சலசலக்கும். கருவேலங்காய் மணிமணியாகப் பிதுங்கி, இடையிடையே ஒடுங்கி, சாம்பல் பூசிக் கிடக்கிறது. கோத்த மாலையாகவே காய்க்கிறது. ராமநாதபுரத்துக் கண்மாய் வற்றினால் தரை பாளம் பாளமாக வெடிக்கும். சுடுமண் பதக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான கோலம் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே மண்.

செய்முறையிலும் பருவம் தலையிடும். சுடுமண் நகையை நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அவசரப்பட்டால் ஓரம் முதலில் காய்ந்து கீறல் விடும். ஈரத்துணி போர்த்தி நிதானப்படுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே சூளையில் வைத்தால் நீராவி கிளம்பி வெடித்துவிடும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பதால் நூல் போகும் துளையைச் சற்றுப் பெரிதாகவே குத்த வேண்டும். சூளையில் கடைசியில் காற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் சிவப்பு கறுப்பாகும். சாயமே வேண்டாம். சுட்ட நகைக்கு மேலே தங்க நிறப் பெயின்ட் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மண்ணின் நிறத்துக்காகத்தானே அதை வாங்குகிறோம்?

வெள்ளியில் செய்பவர்களுக்குக் கடற்கரையே அச்சுத் தரும். கரை ஒதுங்கும் கணவாய் ஓட்டை இரண்டாக அறுத்து, வழவழப்பாகத் தேய்த்து, அதில் வடிவத்தைக் குடைந்து உருக்கிய வெள்ளியை ஊற்றினால், ஓட்டின் வளர்ச்சி வரிகள் அலை அலையாக உலோகத்தில் பதியும். ஓர் ஓடு ஒரு வார்ப்புக்குத்தான் ஆகும், அதனால் அதே வரி இன்னொன்றில் வராது.

விதை நகை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குன்றிமணியைத் துளையிடாதீர்கள். முழு விதையின் தோல் கெட்டியானது. துளைத்தாலோ உடைத்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு வெளிப்படும், அது உயிரையே வாங்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த மாலையே வேண்டாம். துளசிமணியும் உருத்திராட்சமும் போதும்.

புரட்டாசி கடந்து வேலியோரங்களில் செங்காந்தள் பூக்கத் தொடங்கும். நம் மாநிலப் பூ. திறக்கும்போது இளம்பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முதிர்ந்தால் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். எனாமல் வேலை தெரிந்தவர்கள் பூவைப் பறிக்காமல் ஒரு வாரம் தினமும் போய் அதே பூவைப் படம் எடுத்து வந்தால், ஏழு கண்ணி கொண்ட ஒரு சங்கிலிக்கு நிறம் கிடைத்துவிடும். பறிக்க வேண்டாம் என்பதற்குக் கூடுதல் காரணமும் உண்டு: அதன் கிழங்கும் விதையும் நஞ்சு.

வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கைவேலை செய்பவரிடம் ஆர்டர் கொடுக்கப் போகும்போது கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன், உங்கள் வீட்டு வாசலில் இருப்பதை எடுத்துப் போங்கள். வேப்பிலையோ, அரசிலையோ, கொல்லையில் கிடக்கும் முருங்கை நெற்றோ. இலையென்றால் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள், பூச்சி அரித்ததும் சேர்த்தே; அந்த ஓட்டைகூட ஒரு வடிவம். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் அழுத்தினால் சுருளாது. நரம்பு எடுப்பாகத் தெரிவது இலையின் அடிப்பக்கம். அச்சுக்கு அதைத்தான் கேட்பார்கள். எந்த மாதத்தில் பறித்தது என்று காகித ஓரத்தில் எழுதி வையுங்கள். மாசித் தளிரும் ஆடி இலையும் ஒரே மரத்தில் இருந்தாலும் ஒன்றல்ல.