ஊருக்கு ஊர் மாறும் ஓட்டு: தேர்தல் அட்டவணையை வாசிப்பது எப்படி?



புள்ளிவிவர அட்டவணையைக் கொடுத்து "கருத்துரைக்க" என்று கேட்டால், பல மாணவர்கள் எண்களை அப்படியே வாக்கியமாக மாற்றி எழுதிடுறாங்க. இன்னும் சிலர் அட்டவணையில் இல்லாத முடிவையும் சேர்த்து எழுதுறாங்க. இரண்டுமே புள்ளியைக் குறைக்கும். இதை விளக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்.

அங்கே ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதில் பொதுமக்களும் ஓட்டுப் போடுவார்கள். இதற்குப் பெயர் முதனிலைத் தேர்தல். முடிவுகள் ஊர்வாரியாக வெளிவரும். 2024 ஜனவரி 23 அன்று நடந்த குடியரசுக் கட்சித் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் ஏறக்குறைய 54 விழுக்காடும் நிக்கி ஹேலி 43 விழுக்காடும் பெற்றார்கள். ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை. டார்ட்மத் கல்லூரி இருக்கும் ஹேனோவரிலும், தலைநகர் கான்கார்டிலும், கடலோர போர்ட்ஸ்மத்திலும் ஹேலி முந்தினார். பெரிய நகரமான மான்செஸ்டரில் டிரம்ப் முந்தினார். இப்படிப்பட்ட அட்டவணை கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. மொத்தம் எத்தனை ஓட்டு?
டிக்ஸ்வில் நாட்ச் என்ற குக்கிராமத்தில் நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு எண்ணி முடிச்சிடுவாங்க. அந்த ஆண்டு அங்கே ஹேலிக்கு 100 விழுக்காடு! ஆனால் மொத்த ஓட்டு ஆறுதான். மாநிலம் முழுவதும் பதிவானவை 3 லட்சத்துக்கும் மேல்.

விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் இதே தவறுதான். ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' ஊரில் 1,000 ஓட்டில் 60 விழுக்காடு, 'ஆ' ஊரில் 10,000 ஓட்டில் 45 விழுக்காடு. சராசரி 52.5, ஆகவே வெற்றி என்று தோன்றும். ஓட்டுகளைக் கூட்டிப் பாருங்க: 600 + 4,500 = 5,100. மொத்தம் 11,000-இல் இது 46 விழுக்காடு மட்டுமே. தோல்வி!

2. யார் ஓட்டுப் போட வந்தார்கள்?
நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியையும் சாராதவராகப் பதிந்தவர்கள், இரு கட்சிகளில் ஏதாவது ஒன்றின் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2024-இல் ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டில் அதிபர் பைடனின் பெயரே இல்லை. அதனால் கட்சி சாராதவர்கள் பலருக்குக் குடியரசுக் கட்சிப் போட்டிதான் கவனத்தை ஈர்த்தது. ஆகவே, ஓர் ஊரில் ஹேலி முந்தினார் என்றால் அங்குள்ள குடியரசுக் கட்சியினர் எல்லாம் அவர் பக்கம் என்று அர்த்தமில்லை.

3. ஊரைப் பற்றிய தகவலை ஆளுக்குப் பொருத்துகிறோமா?
"ஹேனோவர் கல்லூரி ஊர், ஹேலி அங்கே முந்தினார், ஆகவே பட்டதாரிகள் ஹேலிக்கே போட்டார்கள்." படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஊர் அட்டவணை இதைச் சொல்லவில்லை. எந்த ஓட்டை யார் போட்டார் என்பது அதில் இல்லையே! வாக்குச்சாவடி வாசலில் வாக்காளர்களிடமே கேட்டு எடுக்கும் கணிப்புதான் இதற்குச் சான்று. அந்த ஆண்டுக் கணிப்பிலும் பட்டதாரிகளிடையே ஹேலி முந்தியது உண்மை. இருந்தாலும் பட்டதாரிகளில் கணிசமானோர் டிரம்புக்கும் போட்டிருந்தார்கள். முடிவு சரியாக இருந்தாலும் சான்று தவறாக இருந்தால் அது ஊகம்தான்.

இந்தப் பழக்கம் தேர்வுக்கு மட்டும் அல்ல. "அந்தத் தொகுதி ஆளுங்களே அப்படித்தான்" என்று நாமும் சுலபமா சொல்லிடுறோம். 55க்கு 45 என்று பிரிந்த ஊரில், அந்த 45 பேரையும் ஒரே வாக்கியத்தில் மறைத்துவிடுகிறோம்.

வகுப்பறைப் பயிற்சி
கீழ்வரும் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, எது வலுவானது, ஏன் என்று மாணவர்களைப் பேசச் சொல்லுங்கள்.

அ) ஹேனோவர் மக்கள் ஹேலியை ஆதரித்தனர்.
ஆ) ஹேனோவரில் இத்தேர்தலில் வாக்களித்தோரில் பெரும்பாலோர் ஹேலிக்கு வாக்களித்தனர்.

இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அட்டவணை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்கிறது. உங்கள் விடைத்தாளிலும் அந்த அளவைக் கடைப்பிடியுங்கள்.