அபராதம் மட்டும் போதுமா?

ஓர் இரவு. போலீசார் சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்கிறார்கள். இரண்டு பேர் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் ஒரு தையல்காரர். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே குடித்தார். பிறகு ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினார்.

இரண்டாவது ஆள் ஒரு லாரி டிரைவர். இவர் தினமும் குடிப்பவர். குடிக்காவிட்டால் இவருக்குக் கை நடுங்கும். காலையில் கொஞ்சம் குடித்த பிறகுதான் நடுக்கம் நிற்கும்.

இருவரும் கருவியில் ஊதுகிறார்கள். இருவர் உடம்பிலும் சட்டம் அனுமதித்ததைவிட அதிக மது இருக்கிறது. கோர்ட்டில் இருவருக்கும் ஒரே அபராதம்.

தையல்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி குடித்தால் வண்டியைத் தொடமாட்டேன் என்று முடிவு செய்கிறார். அப்படியே நடக்கவும் செய்கிறார்.

லாரி டிரைவரும் வெட்கப்படுகிறார். பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார். ஆனால் மறுநாள் காலையில் கை நடுங்குகிறது. உடம்பு வியர்க்கிறது. மனம் பதறுகிறது. மீண்டும் குடிக்கிறார். மீண்டும் லாரியை எடுக்கிறார்.

இருவரும் செய்த குற்றம் ஒன்றுதான். ஆனால் டிரைவருக்கு ஒரு நோயும் இருக்கிறது. அதற்குக் குடிநோய் என்று பெயர். அபராதம் கட்டினால் அந்த நோய் தீராது. பிடிபட்டவர்களில் யாருக்கு இந்த நோய் இருக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாருங்கள், பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. அதில் 185-வது பிரிவு குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம்.

2019-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு முதல் தடவைக்கான அபராதம் 2,000 ரூபாய்தான்.

தண்டனை தேவைதான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் அடிபடுபவர் ஒரு பாவமும் அறியாதவர். பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருக்கலாம். கூலி வேலை முடிந்து திரும்பும் தாயாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 185-வது பிரிவு சிறையைப் பற்றிச் சொல்கிறது. அபராதத்தைப் பற்றிச் சொல்கிறது. பிடிபட்டவருக்குக் குடிநோய் உண்டா என்று பார்க்கச் சொல்லவில்லை.

ஒரு குவார்ட்டரில் எவ்வளவு மது?

குடிப்பவரைக் கேட்டால், “கொஞ்சம்தான், ஒரு குவார்ட்டர்” என்பார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. டாக்டர்கள் மதுவை ஓர் அளவு, இரண்டு அளவு என்று கணக்கிடுவார்கள். ஓர் அளவில் சுமார் 10 கிராம் மது இருக்கும். 30 மில்லி பிராந்தி அல்லது விஸ்கி ஓர் அளவு. அப்படியானால் ஒரு குவார்ட்டரில் 6 அளவு இருக்கிறது.

மதுவை உடம்பிலிருந்து நீக்குவது கல்லீரல். ஓர் அளவை நீக்க அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு குவார்ட்டரை நீக்க 6 மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகும். இரவு 12 மணிக்குக் குடித்து முடித்தவர் அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுத்தால்? ரத்தத்தில் இன்னும் மது இருக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும், தலைக்குக் குளித்தாலும் கல்லீரல் வேகமாக வேலை செய்யாது.

குடி எப்போது நோயாகிறது?

குடிப்பவர் எல்லோரும் குடிநோயாளிகள் அல்ல. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவு 2019-ல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியால் கெடுதல் வந்திருக்கிறது, அல்லது அவர்கள் குடிக்கு அடிமையாகி இருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்.

நோயின் அடையாளங்கள் இவை:

• போதை ஏற முன்பைவிட அதிகம் குடிக்க வேண்டியிருக்கும்.
• குடிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.
• குடிக்காவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது.
• கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. கருவியில் அளவு மிக அதிகமாகக் காட்டும். ஆனால் ஆள் தள்ளாட மாட்டார். தெளிவாகப் பேசுவார். “பாருங்கள், நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்பார். அவருடைய உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. இதுவே நோயின் அடையாளமாக இருக்கலாம். நிதானமாகத் தெரிந்தாலும் அவர் வண்டி ஓட்டத் தகுதியானவர் அல்ல.

பத்துக் கேள்விகள்

அரிசியையும் நொய்யையும் பிரிக்கச் சல்லடை வேண்டும். அதுபோல, பிடிபட்டவர்களில் யாருக்கு மேலும் பரிசோதனை வேண்டும் என்று பிரிக்கவும் ஒரு சல்லடை இருக்கிறது. அது ஒரு கேள்வித்தாள். அதன் பெயர் ஆடிட். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து இதை உருவாக்கியது. இதில் பத்துக் கேள்விகள் உள்ளன. அவை எதைப் பற்றியவை தெரியுமா?

1. எத்தனை நாளுக்கு ஒரு முறை குடிக்கிறார்?
2. குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிக்கிறார்?
3. ஒரே நேரத்தில் 6 அளவோ அதற்கு மேலோ எப்போதெல்லாம் குடிக்கிறார்?
4. தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா?
5. குடியால் செய்ய வேண்டிய வேலை கெட்டதா?
6. காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா?
7. குடித்த பிறகு மனம் குற்ற உணர்வால் வருந்துகிறதா?
8. முந்தைய இரவு நடந்தது மறந்துபோகிறதா?
9. குடியால் தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்பட்டதா?
10. உறவினர், நண்பர், டாக்டர் யாராவது குடியைக் குறைக்கச் சொன்னார்களா?

ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 40. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் நல்லது. இங்கே கூடினால் ஆபத்து.

8-க்குக் கீழே இருந்தால் குடிநோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. 8 முதல் 15 வரை என்றால் குடியைக் குறைக்க நல்ல அறிவுரை வேண்டும். 16 முதல் 19 வரை என்றால் ஆலோசகரிடம் சில தடவை பேச வேண்டும். தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும். 20-ஓ அதற்கு மேலோ என்றால் டாக்டரிடம் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

சல்லடையில் தங்கியவர் எல்லோரும் நோயாளி என்று முடிவு செய்துவிடக் கூடாது. நோய் உண்டா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பொய் சொன்னால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி உங்களுக்கும் தோன்றியிருக்கும். கோர்ட் அனுப்பி வைத்தவர் உண்மையைச் சொல்வாரா? உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படுவார். லைசென்ஸ் போனால் டிரைவருக்குப் பிழைப்பே போய்விடும். அதனால் “எப்போதாவதுதான் குடிப்பேன்” என்பார்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களை ஐந்து வருடம் கழித்துச் சந்தித்து விசாரித்தார்கள். அந்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. ஆண்களில் 100-க்கு 91 பேருக்கும், பெண்களில் 100-க்கு 85 பேருக்கும் வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் குடியால் வரும் கோளாறு இருந்திருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுவது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று பாருங்கள்!

அதனால் கேள்வித்தாளை மட்டும் நம்பக் கூடாது. வேறு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• இதற்கு முன்பு பிடிபட்டிருக்கிறாரா?
• காலையிலோ, வேலை நேரத்திலோ பிடிபட்டாரா?
• கருவி காட்டிய அளவு மிக அதிகமா?
• வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ரத்தப் பரிசோதனையும் உதவும். தொடர்ந்து அதிகம் குடிப்பவர் ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற பொருள் கூடியிருக்கும். வேறு நோய்களாலும் இது கூடலாம். ஆகவே டாக்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்.

கேட்கும் முறையும் முக்கியம். அதட்டிக் கேட்டால் பொய்தான் வரும். ஆலோசகர் இப்படிப் பேசலாம்:

ஆலோசகர்: கோர்ட் தண்டனை கொடுத்தாச்சு. இங்கே யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க. காலையில எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கும்?

டிரைவர்: நல்லாத்தாங்க இருக்கும்.

மனைவி: இல்லைங்க. டீ டம்ளரை இவரால பிடிக்க முடியாது. கொட்டிடுவார்.

டிரைவர்: (தலையைக் குனிந்து) ஆமாங்க. கொஞ்சம் போட்டாத்தான் கை நிக்கும்.

ஆலோசகர்: இதைச் சொன்னது நல்லதுங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு.

இந்த ஒரு பதில் அவர் உயிரைக் காப்பாற்றலாம். சாலையில் போகும் பலர் உயிரையும் காப்பாற்றலாம். இப்படிச் சொன்ன பதிலை வைத்து மறுபடி தண்டனை கொடுத்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே சிகிச்சைக்காகச் சொன்ன விஷயத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். அதே சமயம், நோய் கட்டுக்குள் வரும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலேயே 35 இடங்களில் இந்த முயற்சி நடந்தது. தண்டனை பெற்றவர்களைச் சோதித்துப் பிரித்தார்கள். சிலரை வகுப்புக்கும் சிலரைச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தில் முதல் தடவை பிடிபட்டவருக்குப் பொதுவாக 3 மாத வகுப்பு. இரண்டாவது தடவை என்றால் 18 மாதம்.

பிரிட்டனில் மிக அதிகமாகக் குடித்து ஓட்டியவர்களையும், பத்து வருடத்துக்குள் இரண்டு முறை தண்டனை பெற்றவர்களையும் தனியாகப் பிரிக்கிறார்கள். தடைக்காலம் முடிந்தாலும் அவர்களுக்கு உடனே லைசென்ஸ் கிடைக்காது. மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அதில் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

நம் நாட்டில் என்ன நடக்கிறது?

ஹைதராபாத் போக்குவரத்துப் போலீசார் ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்களை ஆலோசனை வகுப்புக்கு வரச் சொன்னார்கள். தனியாக அல்ல, குடும்பத்தாரோடு வர வேண்டும். விபத்தால் என்னென்ன நேரும் என்று அங்கே எடுத்துச் சொன்னார்கள்.

இத்தகைய வகுப்பு நம் தையல்காரருக்குப் போதும். லாரி டிரைவருக்குப் போதாது. வகுப்போடு அந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்டால் என்ன? அதற்கு ஒரு தாளும், பேசத் தெரிந்த ஓர் ஆளும் போதும். சில நிமிடங்களே ஆகும்.

சிகிச்சைக்கு நம் நாட்டில் இடம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. பல அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவிலேயே இதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை

பல காலம் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நடுக்கத்தைக் குறைக்க டாக்டர் மருந்து கொடுப்பார். சில நாளில் உடம்பு தெளியும். பிறகு ஆலோசனை தொடர வேண்டும். மறுபடி குடித்துவிட்டாலும் கைவிடக் கூடாது. சர்க்கரை நோயைப் போல இதையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

எங்கே போவது என்று தெரியவில்லையா? 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது போதைப் பழக்கத்தை விட உதவும் எண். மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிப் பிடிபட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு விஷயத்தை மூடி மறைக்காதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பத்துக் கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு அவரோடு நீங்களும் போங்கள்.

சேர்ந்து பேசுங்கள்

1. தையல்காரருக்கும் லாரி டிரைவருக்கும் என்ன வித்தியாசம்?
2. தள்ளாடாதவர் வண்டி ஓட்டலாமா? ஏன்?
3. ஒரு குவார்ட்டர் மது உடம்பை விட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்?
4. உண்மையைச் சொன்ன டிரைவருக்கு மறுபடி தண்டனை கொடுக்கலாமா?
5. உங்கள் ஊருக்கு அருகில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் இடம் எது? விசாரித்து எழுதுங்கள்.